அரியலூர் இன்டர்வியூவுக்குப் போகிறேன்

என்னங்க,

நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் சாப்பிடுங்கள். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. பூவிழி பக்கத்து வீட்டில் இருக்கிறாள். நான் அரியலூர் ஜவுளிக்கடைக்கு வேலை கேட்டுப் போகிறேன்.

நேற்று உங்கள் அக்கா முன்னால், "இவளா வேலைக்குப் போவா? நாலு பேர பாத்தா நாக்கு ஒட்டிக்கும்" என்று சிரித்தீர்கள். மனசு விட்டுப்போய், போகவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் பூவிழி சொன்னாள்: "பேச்சுப் போட்டிக்குப் பேரு குடுக்கலம்மா. நானும் ஒன்ன மாதிரிதான?" அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போகிறேன்.

புவனா

பூவிழிக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்புங்கள். வேலை கிடைக்காவிட்டால் நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னால் அவள் அப்படியே நம்பிவிடுகிறாள்.