உப்புக்குப் பதில்

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை போனில் உன்னிடம் சொல்லாமல் விட்டதை இதில் எழுதுகிறேன்.

"ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையாம்டி! கழுத்துல ஒரு துளிகூட மிச்சமில்லையாம். மருந்து குடிச்சுட்டுத் தனி ரூம்ல அடைஞ்சு கிடக்க வேண்டாம்னுட்டாங்க" என்றாய். புற்றுநோய் என்று தைராய்டை எடுத்ததிலிருந்து உன் குரல் கரகரப்பாகத்தான் வருகிறது. ஆனாலும் சிரித்துக்கொண்டே பேசினாய். பாப்பா உன் மடியில் குதிப்பதும் கேட்டது. பிறகு நீயாகவே சொன்னாய்: "அயோடின் உப்பு தொடக்கூடாதுன்னாங்கல்ல? நீ போன தடவை கொண்டாந்த கடல்பாசித் தூளைத்தான் சூப்புல போட்டுக்கிட்டேன். தங்கச்சி ஆராய்ச்சி பண்ற பொருளாச்சே! உப்பா நல்லாத்தான் இருந்துச்சு."

"ரொம்ப சந்தோஷம்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

சொல்லாதது இதுதான். கடல்நீரில் அயோடின் இருக்கிறதா இல்லையா என்னும் அளவில்தான் இருக்கிறது. அந்தப் பழுப்புப் பாசி அதை உறிஞ்சிப் பல்லாயிரம் மடங்கு சேர்த்துவைக்கும். உப்பில் இருப்பதெல்லாம் அதன் முன்னால் தூசி. மிச்சம் மீதி தைராய்டு செல்கள் பசியோடு கிடக்கட்டும் என்றுதான் டாக்டர் அயோடினை நிறுத்தச் சொன்னார். பசித்தால்தான் ஸ்கேனுக்குக் கொடுக்கிற கதிரியக்க அயோடினை அவை விழுங்கும். விழுங்கினால்தான் படத்தில் தெரியும். நீ அவற்றுக்கு விருந்தே வைத்திருக்கிறாய். வயிறு நிறைந்தவன் பந்திக்கு வரவில்லை என்பதற்காக, ஊரில் ஆளே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

ஆனால் உண்மையிலேயே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், அக்கா. எனக்குத் தெரியவில்லை. எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாளாகக் குழம்பினேன். தூளை நிறுத்திவிடு. டாக்டரிடம் சொல்லிவிடு.

என்றும் உன்,
பாசிக்காரி


மார்ச் 14

அன்புத் தங்கைக்கு,

பேசினால் தொண்டை நோகிறது, அதனால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டு மைக்கில் தினமும் நான் வண்டி நேரம் அறிவிக்கிற மாதிரியே உன்னைத் திட்டியிருப்பேன்.

'கடல் உணவு கூடாது' என்றார்கள். மீனை நிறுத்தினேன், நண்டை நிறுத்தினேன். செடி எப்படியம்மா மீனாகும்? உன் மாமாவிடம் கடிதத்தைக் காட்டினேன். "அவ எதையும் பூதக்கண்ணாடி வெச்சுத்தான் பார்ப்பா, விடு" என்கிறார்.

ஸ்கேனுக்காகத் தைராய்டு மாத்திரையை நிறுத்தியிருந்த அந்த வாரங்களை நீ பார்க்கவில்லை. முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. நல்ல வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாப்பாவின் சட்டைக்குப் பட்டன் போடக்கூடக் கை எழவில்லை. 'தெரியவில்லை' என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்ப அதற்குள் போகச் சொல்கிறாய்.

தூளை விடு. தெரியாமல் போட்டவள் நான். ஆனால் நீ தெரிந்தவள். அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் ஒரு பாட்டம் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். "ரொம்ப சந்தோஷம்க்கா" என்றாயே! அதை நம்பித்தான் மறுநாள் டிரைவர், கண்டக்டர், டிக்கெட் கவுண்டர் என்று எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தேன். இப்போது யாரிடம் போய் என்ன சொல்ல?

நான் கூப்பிடும்வரை வராதே.

உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். கேட்கிறபோதெல்லாம் வேறு வேறு பதில் வருகிறது. உன் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை என்று காலையில் தோன்றுகிறது. மாலையில் பார்த்தால், என் கையால் வந்த பொருள் என்று சொல்ல வெட்கப்பட்டிருக்கிறேன். எது நிஜம் என்று தெரியவில்லை.

இந்த வாரம் ஆற்று முகத்துவாரத்தில் எடுத்த பாசியில் கதிரியக்க அயோடின் கொஞ்சம் தென்பட்டது. பக்கத்தில் அணு உலை எதுவும் கிடையாது, கரையோரம் ஆஸ்பத்திரிதான். உனக்குச் சொல்லியிருந்த அதே மருந்தை யாரோ குடித்திருக்கிறார்கள். உடம்பு ஏற்காத மிச்சம் சாக்கடை வழியாகக் கடலுக்கு வந்து, பாசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "ரொம்பக் குறைச்சல், பயப்பட ஒண்ணுமில்ல. அடுத்ததை வைங்க" என்றார் புரொபசர். நான் கதிர்வீச்சை அளக்கும் கருவியின் முன்னாலேயே நின்றேன். அது எண் காட்டும். குடித்தவர் யார், அவருக்குப் பிள்ளை உண்டா, பிழைத்தாரா என்பதையெல்லாம் காட்டாது. ஒருவர் கழுத்தில் மருந்தாக இருந்தது தண்ணீருக்கு வந்ததும் அழுக்காகிவிடுகிறது. அதை ஆய்வுக் குறிப்பேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது என்றுகூடக் கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை.

நீ கோபமாகவே இரு. பேச வேண்டாம். டாக்டரிடம் தூளைப் பற்றிச் சொன்னாயா என்று மட்டும் ஒரு வரி எழுது. அவர் என்னைத் திட்டினாலும் சரி, சிரித்தாலும் சரி.

பாப்பாவுக்கு முத்தம்.

உன் தங்கை


ஜூலை 2

தங்கைக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்து, மாத்திரையை நிறுத்தி, திரும்ப ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தின் இடது பக்கம் ஒரு புள்ளி தெரிந்தது. முதலிலேயே இருந்ததா, இந்த மூன்று மாதத்தில் வந்ததா என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. உன்னைக் கேட்கலாமென்று போனை எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன்.

மருந்து குடித்தேன். தண்ணீர் மாதிரித்தான் இருந்தது. தனி அறையில் வைத்தார்கள். உன் மாமாவும் பாப்பாவும் கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டினார்கள். நான் உன்னைக் கூப்பிடவில்லை. நீயும் வரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டு வராமல் இருந்தாயா, வர மனமில்லாமலா என்று அந்த அறையில் யோசித்துக்கொண்டே கிடந்தேன். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். உடம்பில் கதிர்வீச்சு அடங்கி, பாப்பாவை மடியில் வைத்துக்கொள்ள இன்னும் சில வாரம் ஆகும்.

அக்கா