பொட்டு வைத்த காமிரா

எனக்கும் சேர்த்துப் பேசிய என் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அப்பா இருக்கிறார். அவருக்கு 'நன்றாக' என்று போட மனம் வரவில்லை.

படிவம் மூன்றோடு பள்ளியை விட்டுவிட்டேன். இப்போது மலாக்கா பக்கம் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. செலண்டார் ரப்பர் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டோம். புது வீட்டுச் சுவரில் உன் படம் தொங்குகிறது. ஐசியில், அந்த அடையாள அட்டையில், இருந்ததைப் பெரிதாக்கியது. போலீசைப் பார்த்தவள் மாதிரி முறைக்கிறாய். அது நீ இல்லை, அம்மா. தோட்டத்துக் கல்யாணம், சடங்கு எல்லாவற்றையும் நீதான் படம் பிடித்தாய். உன்னை யார் பிடித்தார்கள்?

அப்பா ஒரே ஒரு தடவை பிடித்தார். அன்று ஆயுத பூசை. பால் வெட்டும் கத்தி, அப்பாவின் மோட்டார் சைக்கிள், மாற்றலாகிப் போன தோட்டத்து ஆபீஸ் கிராணியார் வீட்டம்மா உனக்குக் கொடுத்த அந்தக் காமிரா, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்தாய். மஞ்சள் சேலையோடு வாசற்படியில் உட்கார்ந்து காமிராவை அவரிடம் நீட்டினாய்.

“வளையத்தத் திருப்புங்க. நடுவுல நான் ரெண்டா தெரிவேன். ரெண்டும் ஒண்ணாகுறப்ப அமுக்குங்க.”

“ஒண்ணாத்தான்லா தெரியுற.”

“நல்லாப் பாருங்க.”

“ஒருத்தியக் கட்டுனவனுக்கு எப்படி ரெண்டு தெரியும்? ஒண்ணுதான்!”

“அப்ப அமுக்கித் தொலைங்க!”

படம் கழுவி வந்தபோது உனக்கு மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. மஞ்சள் சேலை கட்டிய புகையாக இருந்தாய். “கை நடுங்கியிருக்கு. காலையிலேயே தண்ணியா?” என்று கேட்டாய். அன்று அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் அடுத்த ஆயுத பூசைக்கு நீ இல்லையே.

உன்னை அடக்கம் செய்த அன்று அப்பா காமிராவைக் கொண்டுவந்து உன் கைப்பக்கம் வைத்தார். மாமா தடுத்தார். “அவ கைக்குத்தான் அது சரியா வரும், மச்சான். என் கை வெளங்காத கை” என்றார் அப்பா. காமிரா உன்னோடே மண்ணுக்குள் போனது. அதிலிருந்து அவர் படம் எடுப்பதில்லை. யார் கூப்பிட்டாலும் படத்துக்கு நிற்பதும் இல்லை. என் பயம் என்ன தெரியுமா? அவரும் ஒரு நாள் ஐசி படமாகி உன் பக்கத்தில் தொங்குவார்.

அதனால்தான் உன்னுடையதைப் போல ஒரு காமிராவைத் தேடத் தொடங்கினேன். என்னோடு வேலை செய்யும் சரோவிடம் புதுக் காமிரா இருக்கிறது. ஃபிலிமைத் தானே சுற்றும், தானே பளிச்சென்று வெளிச்சம் போடும். “இத எடுத்துட்டுப் போலா. அந்த ஆதி காலத்துப் பொட்டிக்கு ஏன் இப்படி அலையுற?” என்றாள். அப்பாவின் முன்னால் அந்தப் பொட்டியைத்தான் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

லீவு நாட்களில் பஸ் ஏறி மலாக்கா டவுனுக்குப் போனேன். ஒரு சீனர் வைத்திருக்கும் பழைய சாமான் கடையில், கண்ணாடி அலமாரிக்குள் ஏழெட்டுக் கிடந்தன. எல்லாம் லென்ஸைக் கழற்ற முடியாதவை. உடம்போடு ஒட்டிப் பிறந்தவை. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றின் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. இன்னொன்றில் பின்மூடிப் பஞ்சு தாராக இளகி விரலில் ஒட்டியது. அடுத்ததைக் கண்ணில் வைத்ததும் கடைக்காரத் தவுக்கே இரண்டாகத் தெரிந்தார். நடுவிலிருந்த மஞ்சள் கட்டத்துக்குள் அவருடைய ஆவி மாதிரி இன்னொருவர். வளையத்தைத் திருப்பினேன். ஆவி மெல்ல நகர்ந்து வந்து அவருக்குள் புகுந்துகொண்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “பேட்டரி தக் அடா லா, அடிக்” என்றார் தவுக்கே பாவமாக. இதற்குப் பேட்டரி கிடைக்காதே என்று அழுகிறேன் என நினைத்துவிட்டார். நீ எப்போது பேட்டரி போட்டாய்? முற்றத்து நிழலைப் பார்த்தே வெளிச்சத்தைச் சொல்லிவிடுவாயே. அதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

இந்தக் காமிராவில் அமுக்கினால் பல்லி உச்சுக்கொட்டும் சத்தம்கூட வராது. அந்த நொடியில் கண்ணுக்குள் இருட்டும் விழாது. எதிரில் இருப்பவர் சிரிப்பது தெரிந்துகொண்டே இருக்கும். யாரிடமும் பேசாமல் எல்லார் முகத்தையும் பார்க்கலாம். அதற்காகத்தான் கல்யாண வீடுகளில் என்னை உன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாயா?

போன வாரம் ஆயுத பூசை. நீ வைப்பது போலவே வைக்க நினைத்தேன். காமிராவின் முன்பக்கம் பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சன்னல் இருக்கிறதே, அதுதான் நெற்றி மாதிரி இருக்கும், அங்கேதான் நீ பொட்டு வைப்பாய். நானும் அங்கேயே சந்தனம் இட்டுக் குங்குமம் வைத்தேன். பிறகு காமிராவைக் கண்ணில் வைத்து அப்பாவைப் பார்த்தேன். ஒருவர்தான் தெரிந்தார். வளையத்தைக் கடைசிவரை திருப்பினேன். அப்போதும் ஒருவர்தான். பொட்டைத் துடைத்தேன். இரண்டாவது அப்பா வந்துவிட்டார்.

அந்தச் சின்னச் சன்னல் வழியாகத்தான் இரண்டாவது உருவம் உள்ளே வருகிறது, அம்மா. அன்று உன் பொட்டு அதை அடைத்துவிட்டது. அப்பா உண்மையைத்தான் சொன்னார், நீ ஒன்றாகத்தான் தெரிந்தாய். வளையத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அமுக்கினார், படம் புகையானது. மறுநாள் நீ பொட்டைத் துடைத்துவிட்டாய். அடுத்த படங்களெல்லாம் நன்றாக வந்தன. பழி மட்டும் அவர் கைக்குப் போனது.

காமிராவை அவரிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் அவ்வளவு பேசி அவர் கேட்டதே இல்லை. சின்னச் சன்னலை விரலால் மூடிப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி மூடினார். அப்புறம் சுவரிலிருந்த உன்னைப் பார்த்தார்.

“அடியே, ஒன் வேலையாடி அது? என்னையப் போயி குடிகாரன்னியே!”

சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் காமிராவை வாங்கிக் கண்ணில் வைத்துக் காத்திருந்தேன். துண்டு விலகியது. என்னைப் பார்த்தார், எழுந்து போகவில்லை. இரண்டு அப்பாவும் ஒன்றானதும் அமுக்கினேன்.

இன்னும் கழுவி வரவில்லை. வந்ததும் ஐசி படத்தை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் உன் புகைப் படத்தையும் பக்கத்திலேயே அப்பா சிரிக்கும் படத்தையும் மாட்டப்போகிறேன். முகம் தெரியாவிட்டால் என்ன? அதில் நீ அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

இனிமேல் பொட்டைக் காமிராவின் பின்பக்கத் தோலில்தான் வைப்பேன். சத்தியம். உன்னிடம் இருப்பதிலும் அந்தச் சன்னலைத் துடைத்து வை, அம்மா. இங்கே அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ ஊமைக்குட்டி என்று கூப்பிட்ட
உன் ஒரே மகள்,
செல்வி