அவர் குடித்திருக்கவில்லை

8.11.2002, வெள்ளி
விடிந்ததிலிருந்து மழை. என் வீட்டுக்காரர் துணிகள் அப்படியே மூலையில் கிடக்கின்றன. நாளைக்குத் துவைக்க வேண்டும்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், அவர் பேப்பர்களை வாங்க. பஸ்ஸில் நின்றுகொண்டே. கடைசியாக அவரைப் பார்த்த டாக்டரம்மா இருந்தார். முதுகில் எடுத்த தண்ணீரின் ரிசல்ட் வந்துவிட்டதாம். மூளைக்காய்ச்சல். ஹெர்பிஸ் என்று ஒரு கிருமி.

"குடிச்சதால வந்துச்சா மேடம்?"

"குடியா? அவர் குடிச்சிருக்கலையேம்மா. கொண்டுவந்த அன்னிக்கே பார்த்தோமே."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டீ வாங்கினேன். ஆறிப்போயிற்று.

9.11.2002, சனி
துணி ஊற வைத்தாயிற்று. சட்டைப் பையில் சவாரிக்காரர் யாரோ கொடுத்த மிட்டாய்.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அவருக்கு ஆட்டோ, மாமல்லபுரம் ஸ்டாண்டில். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கையில் கயிறு கட்டிக்கொண்டார், ஒரு வருஷம் குடிக்க மாட்டேன் என்று. தீபாவளிக்கு முந்தின வாரம் காய்ச்சல். மறுநாள் உளறல். டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார். பெற்ற மகள் செல்வியைப் பார்த்து, "யார் வூட்டுப் பொண்ணு இது?" என்றார். ஏதோ தீயுது, நாத்தம் வருது என்று அடுப்படியையே சுற்றினார். நடை தள்ளாட்டம்.

நான் வாசலில் நின்று தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"கயித்த கட்டிக்கினு குடிச்சிட்டு வந்துகீறியே, வெக்கமாயில்ல?"

"நான் இன்னா பண்ணேன்?" என்றார். திரும்பத் திரும்ப அது ஒன்றேதான்.

கிட்டே போய் வாயை முகர்ந்து பார்த்திருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை.

கயிறு கட்டிவிட்டுக் குடித்தால் சாமி குத்தம். மறுநாள் காலையில் அவரைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனோம், நானும் என் மாமியாரும். குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் தலையில். நான் ஊற்றினேன், அத்தையும் ஊற்றினார். ஈரத்தோடு கோயிலைச் சுற்றச் சொன்னார் பூசாரி. ஒரு சுற்று வந்தவருக்கு வாசல் தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நடுங்கி நின்றார்.

"நடிக்கிறான்" என்றேன். அவரை அவன் இவன் என்று அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னேன்.

சாயங்காலம் வலிப்பு. அதற்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் போய்விட்டார்.

11.11.2002, திங்கள்
செல்வி உதட்டில் கொப்புளம். நாங்கள் பல்லி மூத்திரம் என்போம், நெய் தடவுவோம். அவருக்கும் காய்ச்சல் வந்தாலே இதே இடத்தில் வரும். அவளை இழுத்துக்கொண்டு திரும்பவும் டாக்டரம்மாவிடம்.

"அதே கிருமிதான். ஆனா பயப்படாதீங்க. ஊர்ல முக்கால்வாசிப் பேர் உடம்புல இருக்கு. சின்ன வயசுல வந்து நரம்புக்குள்ள படுத்துக்கும். அப்பப்ப உதட்டுக்கு வரும், போயிடும். எங்கயோ ஒருத்தருக்குதான் மூளைக்கு ஏறும்."

"அவருக்கு மட்டும் ஏன் மேடம்?"

"அது எங்களுக்கே தெரியலம்மா."

கண்ணுக்குத் தெரியாத ஒன்று அத்தனை பெரிய ஆளை எப்படிச் சாய்க்கும் என்று கேட்டேன். பழைய சீட்டின் பின்னால் ஒரு வட்டம் போட்டார். இது ஒரு செல்லாம். உடம்பே இந்த மாதிரி செல்களால் ஆனதாம்.

"செல்லுக்குள்ள என்சைம்னு இருக்கு. வேலையாள் மாதிரி. கிருமிகிட்ட சொந்த ஆள் கொஞ்சம்தான். உள்ள பூந்ததும் செல்லோட வேலைய நிறுத்திட்டு, அங்க இருக்கிற ஆளுங்களையே வச்சு தன்னை மாதிரி நிறைய செஞ்சுக்கும்."

"உடம்பு சும்மாவா வுடும்?"

"கெட்டுப்போன செல் தன் மேல ஒரு அடையாளத்தக் காட்டும். ரத்தத்துல காவல் சுத்துற செல்லு அதப் பார்த்துதான் அடிக்கும். இந்தக் கிருமி அந்த அடையாளத்த வெளிய வரவிடாது. காவலும் எல்லாம் சரியா இருக்குன்னு போயிடும்."

மருந்து உண்டாம், ஊசி. கிருமியின் என்சைமே அந்த மருந்தைக் கிளப்பிவிட்டு, அதிலேயே கிருமி மாட்டிக்கொள்ளுமாம். ஆனால் சீக்கிரம் போட வேண்டும்.

"ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா?"

சீட்டை மடித்தார். "உறுதியா சொல்ல முடியாதும்மா. வாய்ப்பு இருந்திருக்கும்."

அந்த ஒரு நாள்தான் கோயிலில்.

பஸ்ஸில் செல்வி என் தோளில் தூங்கினாள். அவர் வாய், அவர் குரல், அவர் கால், எல்லாம் அவருடையதே. உள்ளே உட்கார்ந்து ஆட்டி வைத்தது வேறு. பதினாறு வருஷம் கூட இருந்த எனக்கும் அது தெரியவில்லை. பார்த்துவிட்டு, குடிகாரன் என்று போய்விட்டேன்.

13.11.2002, புதன்
வெள்ளிக்கிழமை கருமாதி. பச்சரிசி, உளுந்து, வாழைக்காய், கருவாடு, பீடி. அவர் தம்பி குமார் வாங்கி வந்தான். பையின் அடியில் ஒரு குவாட்டர் பாட்டில்.

"இது எதுக்கு?"

"படையல்ல வைக்கத்தான் அண்ணி. அதுக்குதானே உசுர வுட்டுச்சு. ஸ்டாண்டு பசங்க, குவாட்டரு உங்க அண்ணனுக்குப் பத்தாது, ஆஃப்பா வையிங்கிறானுங்க."

"வையி வையி" என்றார் அத்தை. "அங்கயாவது வயிறு ரொம்பட்டும்."

உளுந்தில் கல் பொறுக்கினேன்.

படம், மாலை, பக்கத்தில் பாட்டில். ஊரே வந்து பார்க்கும். செல்வியும் பார்ப்பாள். சொல்லத்தான் வேண்டும். சொன்னால் கோயிலைச் சொல்ல வேண்டும். அத்தை ஊற்றிய குடத்தையும். பெற்றவள் அதை எப்படித் தாங்குவாள்?

14.11.2002, வியாழன்
மழை விட்டது. வாசலில் பந்தலுக்குக் குழி தோண்டுகிறார்கள். அத்தை வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, அவர் குடிக்கல."

கிருமி, ஊசி, கோயிலில் போன நாள், எல்லாம் சொன்னேன். கேவிக் கேவிச் சொன்னதில் எவ்வளவு புரிந்ததோ. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்று இருந்தது.

"குடிக்கலையா?"

"இல்ல அத்தை."

"ஒரு சொட்டுகூட?"

"இல்ல."

"குளுருதும்மானு சொன்னான்டி, அந்தத் தண்ணிய ஊத்தறப்ப."

அவ்வளவுதான். கத்தியை வைத்தார். கூந்தலை முடிந்துகொண்டு எழுந்து தெருவில் இறங்கிவிட்டார்.

"ஏ மல்லிகா! எம்புள்ள குடிக்கலடி! காய்ச்சல்டி அவனுக்கு!"

பக்கத்து வீட்டிலும் அதே. அதற்கு அடுத்த வீட்டிலும். குமார் பின்னாலேயே ஓடினான், "யம்மா, வாம்மா, மானம் போவுது!"

"அப்ப குடிச்சான்னு கெளப்பிவுட்டது யாரு ஆயா?" என்று எவளோ கேட்டாள்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை என் பெயரைச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

குரல் இப்போது தெருக்கோடியில் கேட்கிறது. அப்புறம் ஸ்டாண்டுதான். அங்கே சிரிப்பார்கள். கிளப்பிவிட்டது யார் என்று திரும்பக் கேட்பார்கள். அதற்குள் நான் அங்கே போய்விட வேண்டும், நான்தான் என்று சொல்ல.