விரிசலுக்கு எந்தப் பக்கம்

நெல்லிவாசல்
20-1-1984

அன்பு மகன் தீர்த்தகிரிக்கு அம்மா எழுதுவது, இங்கே நான், உன் பெண்டாட்டி செந்தாமரை, பேத்தி மூவரும் சுகம், அங்கே ரஷ்யாவில் நீயும் உன் காலுக்குக் கீழே இருக்கிற மண்ணும் சுகமா என்று தெரியவேண்டும். புளி இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. பேத்தி எழுதப் பழகிவிட்டாள், சொன்னால் கண் படும், ஐந்தாவது வரை படித்த என் எழுத்தைவிட அவள் எழுத்து அழகு. ஆனால் உன் கடிதம் வந்ததிலிருந்து, இவர்கள் இருவரையும் உன்னிடம் அனுப்புவதா வேண்டாமா என்று எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

நீ படிக்கிற பைக்கால் ஏரிப் பக்கம் நிலம் ஆடியது, பயப்படாதே என்று எழுதிவிட்டு, ஏன் ஆடுகிறது என்று விளக்கமும் எழுதியிருக்கிறாய். தெற்கேயிருந்து நம் நாடே அந்த நிலத்தை முட்டித் தள்ளுகிறதாம், கிழக்கே கடலின் அடித்தரை நிலத்துக்கு அடியில் புகுந்து இறங்குவதால் அந்த ஓரம் பிடிப்பு விட்டு நகர்கிறதாம், இரண்டும் சேர்ந்து நடுவில் நிலம் பிளந்து பள்ளமாக இறங்கி, அதில்தான் ஏரி நிற்கிறதாம், இன்னும் வருஷத்துக்கு இரண்டு சாமை மணி அகலம் விரிகிறதாம். நம்பாமல், அடைக்குப் பிசைந்த கேழ்வரகு மாவைப் பலகையில் வைத்துத் தள்ளிப் பார்த்தேன், எதிர்ப்பக்கம் கட்டை இருந்தவரை மேடாகத்தான் எழும்பியது, கட்டையை எடுத்ததும் அந்தப் பக்கம் நழுவி வாய் பிளந்தது.

உன் சித்தப்பா சடையனிடம் சொன்னால், "நாமதான் தள்றோமா அண்ணி, அப்ப நாளைலருந்து ஏரை மெதுவா ஓட்றேன்" என்று சிரிக்கிறான். நான் சிரிக்கவில்லை, ஒருவரும் ரஷ்யாவுக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செந்தாமரை அழவில்லை, கட்டிவைத்த பெட்டியைப் பிரிக்கவும் இல்லை. "அவரு அங்கருந்து இழுக்கறாரு, நீங்க இங்க புடிச்சி வெச்சிக்கினு கீறீங்க, நடுவுல நானும் இவளும் இன்னா ஆவறது அத்தை" என்று கேட்டாள். மறுநாள் நானே போய் போளூர் ஸ்டேஷனுக்கு ஜீப் சொல்லிவிட்டு வந்தேன். மாசிக் கடைசியில் புறப்படுகிறார்கள், குழந்தைக்குக் கம்பளிச் சட்டை வாங்கியாயிற்று.

வேடியப்பன் சாமி உங்கள் மூவரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் படிப்பு நாலு பேர் மெச்சும்படி முடியட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இத்தனையும் எழுதினாயே, அந்த விரிசலுக்கு எந்தப் பக்கம் உன் வீடு, எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர ஒரு மாதம் ஆகும், உன் பதில் இங்கே வர இன்னொரு மாதம், அதற்குள் அவர்கள் அங்கே வந்துவிடுவார்கள். அதனால் எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே, கிட்டத்தில் இருந்தால் வீட்டை மாற்று.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
மங்கம்மாள்