பெட்டி கட்டிய அப்பாவும் முகட்டுக் காடும்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வீட்டுக்குள் குடிவந்துவிட்ட அட்டைகளும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அந்த வெயிலில் காய்ந்து சருகாகாமல் இருக்கிறீர்களா?

இங்கே மழை விட்டபாடில்லை. துவைத்த துணி வாரக்கணக்கில் காய்வதில்லை, அப்பாவின் தோல் பெல்ட்டில் காளான் பூத்துவிட்டது. அதைப் பார்த்ததும் மனிதருக்குப் பொறுக்கவில்லை. இந்த ஈரத்துல தவளை குடும்பம் நடத்தட்டும், நான் பொண்ணுகிட்ட போறேன் என்று, நீ அனுப்பிய விமான டிக்கெட்டோடு பெட்டியைக் கட்டிவிட்டார். இந்தத் தேசியப் பூங்கா அலுவலகத்தில் டைப் அடித்தே ஓய்வு பெற்றவர், ஒருநாளும் குடியிருப்பைத் தாண்டிக் காட்டில் கால் வைத்ததில்லை. நானோ தினமும் பூங்கா ஜீப்பில் சுற்றுலா ஆட்களை மேலே ஏற்றிப் போய்க் காட்டைச் சுற்றிக் காட்டுகிறவள். போகட்டும், மூன்று மாதம் நிம்மதி என்று மனசுக்குள் குதித்துக்கொண்டே பஸ் ஏற்றிவிடக் கூட்டிப்போனேன். பாதி வழியில் மண் சரிந்து சாலையையே காணோம். வேறு வழியில்லாமல் முகட்டுப் பாதையில் ஜீப்பை ஏற்றினேன். கீழே புழுக்கம் பிழிந்தெடுத்தது, ஏற ஏறக் குளிர் கடித்தது. வானத்தை மறைத்த மரங்களெல்லாம் மேலே போகப் போகக் குட்டையாகி, முறுக்கிக்கொண்டு, உடம்பு முழுக்கப் பாசி போர்த்தி நின்றன. திடீரென்று மேகம் வந்து மூடிக்கொண்டது. ரோட்டைப் பாத்து ஓட்டுடி என்று கத்தினார். தெரிஞ்சாத்தானே பாக்குறதுக்கு என்று நிறுத்திவிட்டேன். சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பள்ளம். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், இதை யாரிடமும் சொல்லாதே.

மேகம் விலகியதும் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் காடு. நடுவில் ஆறு செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு நெளிந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்தனி மழை, மழை விட்ட இடத்தில் மரங்களிலிருந்து ஆவி எழும்பி மறுபடி மேகமானது. இதுக்கு அடியிலயா இத்தனை வருஷம் குடியிருந்தோம் என்றார் அப்பா.  அதற்குப் பிறகு உன் அப்பா வாய்மூடி நின்றதை அன்றுதான் பார்த்தேன். சொல்லக்கூடாத இடத்தில் ஓர் அட்டை ஏறிய பிறகுதான் பேச்சு வந்தது, அதுவும் சொல்லக்கூடாத பேச்சு.

பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்கே திரும்பினோம். மறுநாள் சாலை திறந்தும் மனிதர் அசையவில்லை. இப்போது தினமும் என் ஜீப்பில் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டைப் பற்றி விளக்கம் சொல்கிறார், பாதிக்குப் பாதி புளுகு.

நானும் யோசித்துப் பார்த்தேன். யார் யார் பிள்ளைகளையோ மலையேற்றிக் காட்டுகிறேன், என் பிள்ளை முகத்தைப் பார்த்து வருடக்கணக்காகிறது. அவர் போனால்தான் நிம்மதியா, நான் கிளம்பினாலும் அதே நிம்மதிதானே? அதனால் என் பேருக்கு ஒரு டிக்கெட் எடு. லீவும் வாங்கிவிட்டேன். எனக்குச் சோறு யாரு போடுவா என்று அப்பா கேட்டார். அடுப்பு இருக்கும் திசையைக் காட்டியிருக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருடம் சண்டை போட்டுக்கொண்டு சேர்ந்தே வாழுங்கள். விமான நிலையத்துக்கு நீ மட்டும் வா, மாப்பிள்ளை வேண்டாம். உன்னைப் பார்த்ததும் நான் அழுது தொலைப்பேன், அதை அவர் பார்த்தால் மாமியார் என்ற பயம் போய்விடும்.

இப்படிக்கு,
உன் அம்மா