விழுந்தும் உடையாத கிளாஸ்

பெப்ரவரி 3, செவ்வாய்

விடிய −18. காலில் இரண்டு சோடி மேசு, அப்படியும் விரல் விறைப்பு. இவர் ஸ்கூல் பஸ் ஓட்ட வெளிக்கிடும் நேரம் குசினியில் ஒரு கிளாஸ் உடைந்தது. இவர் கையிலிருந்துதான். இரண்டு கிழமையில் நாலாவது.

"உந்தக் கிளாஸ் வழுக்குது."

வலது கையை ஜக்கெற் பொக்கெற்றுக்குள் வைத்தபடி நின்றார். கூட்டி அள்ளினேன்.

வாங்க: பால், வெங்காயம், செத்தல் மிளகாய், கிளாஸ் ஆறு.

பெப்ரவரி 4, புதன்

வேலையில் ஒன்பது மணித்தியாலம் நின்றபடி. இடுப்பு போச்சு.

மகள் மது என்ஜினியரிங் படிக்கிறாள். கிளாஸ் ஏன் இப்படி உடைகிறது என்று அவளைக் கேட்டேன்.

"அம்மா, விழுற உயரம் மட்டுமில்லை. மேலை கண்ணுக்குத் தெரியாத ஸ்க்ராட்ச் இருக்கும். விழேக்கை அதுதான் வெடிப்பா ஓடுறது. நீங்கள் டெய்லி கம்பிப் பஞ்சு போட்டுத் தேய்க்கிறீங்கள், சோ ஒஃப் கோர்ஸ்!"

அப்பாடா! தேத்தண்ணிக் கறை போகவேணும் என்று இருபது வருடமாகக் கை நோகத் தேய்த்தது நான். பிழை என்னில். இவருக்கு ஒன்றுமில்லை. பிழை விட்டதற்கு இவ்வளவு சந்தோசப்பட்ட மனுசி நானாகத்தான் இருப்பேன். கம்பிப் பஞ்சு குப்பைக்குள்.

பெப்ரவரி 7, சனி

ஸ்னோ. புதுக் கிளாஸ் ஆறும் மெல்லிய ஸ்பொஞ்சால் கழுவியாச்சு.

பின்னேரம் ஒன்று இவர் கையை விட்டு விழுந்தது. சிங்குக்கு முன்னால் விரித்த தடித்த கால்மிதியில். உருண்டது, உடையவில்லை.

"பாத்தீரே! என்ரை கையிலை ஒரு பிழையுமில்லை!" சிரித்தார். நானும் சிரித்தேன்.

மது சிரிக்கவில்லை. "அப்பா, மிதியிலை விழுந்தபடியா உடையேல்லை. ஆனா விழுந்ததுதானே?"

இவர் ஸ்னோ தள்ளப் போய்விட்டார். தள்ளி முடித்த இடத்தையே திரும்பத் திரும்பத் தள்ளினார்.

பெப்ரவரி 8, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. உடுப்புத் தோய்க்கவில்லை. சரியான களைப்பு.

"டொக்டரிட்டைக் காட்டுவமே?"

"காட்டினா லைசென்ஸைப் பறிப்பாங்கள். பிறகு வீட்டிலை இருந்து சுவரைப் பாக்கிறதே? உமக்கென்ன, சொல்லிப்போட்டுப் போவீர்."

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. "பஸ்ஸிலை இருக்கிறது ஊரான் பிள்ளையள்! ஸ்ரியறிங்கை விட்டா ஆர் பொறுப்பு?"

கல்யாணம் கட்டி இருபத்தாறு வருடம். இவரைப் பார்த்து நான் கத்தியது இதுதான் முதல் தரம். வெக்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. ஆனால் சொன்னது சரி.

மத்தியானச் சோறு சட்டியோடு அப்படியே.

பெப்ரவரி 9, திங்கள்

−9. வெளிச்சம் வரவில்லை. இடியப்பத்துக்கு மா குழைத்தபடி நான். ஐந்தே காலுக்கு இவர் எழும்பி, முகம் கழுவி, வேலை ஜக்கெற்றும் போட்டார். மனம் விட்டுப்போச்சு. இனி என்ன சொல்ல?

வாசல் படியில் குந்தியிருந்து சப்பாத்துப் போட்டார். ஒன்றைப் போட்டார், மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் அப்படியே. பிறகு போனை எடுத்தார். பஸ் யார்டில் ரூட்டுகளுக்கு ஆட்களைப் பிரித்துவிடும் செல்வம் அண்ணைக்கு.

"அண்ணை, இண்டைக்கு என்ரை ரூட்டுக்கு வேறை ஆளைப் போடுங்கோ... ஓம்... நாளைக்கும்தான்... இல்லையண்ணை, காய்ச்சல் இல்லை. கை நடுங்குது."