அடைப்புக்குறி போடாத இரண்டு வரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்க உனக்குத் தெம்பு வேண்டும். போனில் பேசினால் பக்கத்தில் படுத்திருக்கும் அம்மா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வலி மருந்து ஏற்றும் பம்ப் எங்கள் கம்பெனியுடையது. அதில் ஓடும் புரோகிராம் நான் எழுதியது. நேற்று அதைக் காட்டி அம்மாவிடம் பீற்றிக்கொள்ளக்கூடச் செய்தேன்.

இன்று காலை நர்ஸ் ஐந்துக்குப் பதில் ஐம்பது என்று அழுத்திவிட்டார். உடனே அவரே பார்த்துத் திருத்தினார். "இவ்வளவு போட்டா வழக்கமா கத்துமே, இன்னைக்கு சும்மா இருக்கு" என்றார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன்.

நாம் ஒரே ஆபீசில் இருந்தபோது போட்ட சண்டை நினைவிருக்கிறதா? புரோகிராமில் 'இப்படி நடந்தால் இதைச் செய்' என்ற நிபந்தனைக்குக் கீழே ஒரே வரி இருந்தாலும் அடைப்புக்குறி போடு என்பாய். ஒற்றை வரிக்கு எதற்கு வேலி என்று நீ போட்டதையெல்லாம் நான் அழிப்பேன். மருந்துக் குப்பியை மாற்றினால் மட்டும் பழைய மருந்துக்கு வைத்த உச்ச அளவை அழி என்று ஒரு வரி இருந்தது. போன மாதம் அதற்கு மேலே, மாற்றிய நேரத்தைக் குறித்துக்கொள் என்று இன்னொன்றைச் சேர்த்தேன். இரண்டையும் ஒரே சீராக உள்தள்ளி வைத்தேன், பார்க்க லட்சணமாக இருந்தது. அடைப்புக்குறி இல்லாததால் முதல் வரி மட்டும்தான் நிபந்தனைக்குக் கட்டுப்படுகிறது. உச்ச அளவை அழிக்கும் வரி குப்பியை மாற்றாதபோதும் நொடிக்கு நொடி ஓடுகிறது. எவ்வளவு போட்டாலும் பம்ப் கத்தாது, தடுக்காது.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வேலை போகும், கேஸ் வரும் என்று பயம். திரை விட்டுவிட்டு மின்னுகிறது, வேறு பம்ப் கொடுங்கள் என்று பொய் சொன்னேன். நர்ஸ் முகம் சுளிக்காமல் பழைய மாடல் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

கழற்றியதை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்கிரீன் நல்லாத்தானேம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு, எதிர்க் கட்டிலில் இருக்கும் டீச்சருக்கு அதை மாட்டிவிட்டார். அந்த டீச்சர் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். இதே பம்ப் இன்னும் எத்தனை கட்டிலில் ஓடுகிறதோ.

நர்ஸ் மருந்துச் சீட்டோடு டீச்சர் கட்டிலுக்குப் போகிறார். அளவை மாற்றத்தான் போகிறார். நான் எழுந்து போகிறேன் அண்ணா. அங்கே போய் என் வாய் அடைத்துப் போகாமல் இருக்க வேண்டிக்கொள். அதற்குப் பிறகு நான் எங்கே இருப்பேனோ தெரியாது, அம்மாவுக்குத் துணையாக நீ வந்துவிடு.

உன் பயந்தாங்கொள்ளித் தங்கை